நேப்பிள்ஸில் எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எந்த டிக்கெட்? ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "பொம்பெய்க்கு எப்படிப் போவது?" என்றுதான். அந்த ஊரில் அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "அது யாருடைய ரயில்?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த வாசலில் நுழைவது, எந்த டிக்கெட் எடுப்பது, எந்தப் பலகையைப் பார்ப்பது என்று மற்ற எல்லாம் தானாக வந்துவிடும். தெரியாவிட்டால் கையில் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டவேண்டி வரலாம்.

நான்கு பெயர்களை மனதில் வைத்தால் போதும். ட்ரெனிதாலியா அரசு ரயில்வே. ஃப்ரெச்சாரோஸா எனும் அதிவேக ரயிலிலிருந்து ஊர் ஊராக நின்று போகும் ரெஜியோனாலே வரை எல்லாம் அவர்களுடையது. இதாலோ தனியார், 2012 முதல் அதிவேக ரயில் மட்டும் ஓட்டுகிறார்கள். ஈஏவி, கம்பானியா மாநில அரசின் நிறுவனம். எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய், கடலோர ஊரான சொர்ரெந்தோ இரண்டுக்கும் போகும் சிர்க்கும்வெசுவியானா, மேற்குக் கரைக்குப் போகும் குமானா எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஏஎன்எம், நகராட்சியின் நிறுவனம். மெட்ரோ 1-வது தடம், 6-வது தடம், மலையேறும் இழுவை ரயில்கள், டவுன் பஸ்கள் இவர்களிடம்.

மெட்ரோ 2-வது தடம் மட்டும் இந்தக் கணக்கில் உதைக்கும். பெயர்தான் மெட்ரோ, ஓட்டுவது ட்ரெனிதாலியா. இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், டிக்கெட் பகுதியில் திரும்ப வரும்.

கிளம்பும் முன்: டிக்கெட்டில் என்ன ஸ்டேஷன் போட்டிருக்கிறது?

இத்தாலியப் பலகைகளிலும் செயலிகளிலும் ஊர் பெயர் நாப்போலி என்றுதான் இருக்கும். டிக்கெட் எடுக்கத் தேடினால் நாப்போலி என்று தொடங்கும் ஸ்டேஷன்கள் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது நாப்போலி சென்ட்ராலே.

கவனமாக இருக்கவேண்டியது நாப்போலி அஃப்ரகோலாவிடம். ஸாஹா ஹதீத் வடிவமைத்து 2017 ஜூனில் திறந்த அதிவேக ரயில் நிலையம் அது. வெள்ளை வெளேரென்று நீண்டு கிடக்கும் அழகான கட்டடம்தான், ஆனால் இருப்பது ஊருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. மெட்ரோ கிடையாது. ஏதோ ஒரு ரயில் சில யூரோ மலிவாகத் தெரிந்தால், அது அஃப்ரகோலாவில் உங்களை இறக்கிவிடுகிற ரயிலா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மிச்சம் பிடித்தது டாக்ஸிக்கே போய்விடும்.

ரோமிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வழி. அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 10 நிமிடம். ரெஜியோனாலேயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், ஆனால் விலை பாதிக்கும் கீழே இருக்கும். அதிவேக ரயில் டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் எகிறும். ரெஜியோனாலே அப்படியில்லை, ஒரு மாதம் முன்பு எடுத்தாலும் ஐந்து நிமிடம் முன்பு எடுத்தாலும் ஒரே விலை, தீர்ந்துபோவதும் இல்லை. ஆகவே ரெஜியோனாலே டிக்கெட்டை அவசரப்பட்டு வீட்டிலிருந்தே எடுத்து வைக்கவேண்டிய தேவை இல்லை. ரயில் தாமதமானாலும் உங்கள் திட்டம் மாறினாலும் கை கட்டப்படாமல் இருக்கும்.

இறங்கியதும்: தரையில் ஒன்று, அடியில் மூன்று

சென்ட்ராலே ஒரு முட்டுச்சந்து நிலையம். ரயில்கள் முகப்புவரை வந்து நின்றுவிடும். இப்போதுள்ள கட்டடம் 1960-இல் முடிந்தது. முக்கோண முக்கோணமாக மடிந்த கூரை தலைக்கு மேல் தெரியும். முன்னால் இருப்பது பியாஸா கரிபால்டி என்ற பெரிய சதுக்கம்.

குழப்பம் தரைக்குக் கீழேதான் தொடங்குகிறது. அங்கே மூன்று தனித்தனி ஸ்டேஷன்கள் உண்டு, மூன்றுக்கும் "கரிபால்டி" என்றே பெயர்.

முதலாவது, சென்ட்ராலே பிளாட்பாரங்களுக்கு அடியிலேயே இருக்கும் நாப்போலி பியாஸா கரிபால்டி. மெட்ரோ 2-வது தடமும் சில ரெஜியோனாலே ரயில்களும் இங்கிருந்து கிளம்பும். ட்ரெனிதாலியா செயலி இதைத் தனி ஸ்டேஷனாகவே காட்டும். எனவே செயலியில் "பி. கரிபால்டி" என்று கண்டால் மேல்தளத்தில் நின்று தேடாதீர்கள், படியிறங்குங்கள். இந்தச் சுரங்கப் பாதை 1925-இல் திறந்தது. இத்தாலியில் நகருக்கு அடியில் ஓடிய முதல் ரயில் பாதை இதுதான். மிலானுக்கு மெட்ரோ வந்தது 1964-இல்தான்.

இரண்டாவது, ஈஏவியின் கரிபால்டி. சென்ட்ராலே உள்ளேயே "சிர்க்கும்வெசுவியானா" அல்லது "லீனேயே வெசுவியானே" என்ற அம்புக்குறிகளைத் தொடர்ந்து கீழே போனால் நீண்ட தாழ்வாரம், அதன் முடிவில் டிக்கெட் கவுன்ட்டர், தடுப்புக் கதவுகள்.

மூன்றாவது, மெட்ரோ 1-வது தடத்தின் கரிபால்டி. இது கட்டடத்துக்கு அடியில் இல்லை, சதுக்கத்துக்கு அடியில் இருக்கிறது. 2013 கடைசி நாளில் திறந்தார்கள்; வடிவமைத்தவர் பிரெஞ்சுக்காரர் தொமினிக் பெரோ. நகரும் படியில் இறங்கும்போது சுவரில் பளபளக்கும் எஃகுத் தகடுகளைப் பாருங்கள். பெட்டியோடு நிற்கும் ஆட்கள், காத்திருக்கும் ஆட்கள் எல்லாம் ஆளுயரப் படங்களாக அதில் பதிந்திருப்பார்கள். நடுவே உங்கள் பிரதிபலிப்பும் சேர்ந்து தெரியும். மிக்கேலாஞ்ஜெலோ பிஸ்தொலெத்தோ என்ற கலைஞரின் படைப்பு. அதைப் பார்க்கிற நேரத்தில் பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பியாஸா கரிபால்டி பற்றிப் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டம், ஜேப்படி, "டாக்ஸி, டாக்ஸி" என்று ஒட்டிக்கொள்ளும் ஆட்கள் எல்லாம் உண்டு. உள்ளே வந்து கூப்பிடுகிறவரோடு போகவேண்டாம்; வெளியே வரிசையில் நிற்கும் வெள்ளை டாக்ஸிதான் சரி. ஏறியதும், வண்டி நகரும் முன்பே, "தரிஃபா ப்ரெதெதெர்மினாத்தா" என்று சொல்லுங்கள். நகராட்சி நிர்ணயித்த நிலையான கட்டணம் அது. துறைமுகம், விமான நிலையம் போன்ற இடங்களுக்கு உண்டு. முன்னாலேயே கேட்டால்தான் கிடைக்கும், இறங்கும்போது கேட்டுப் பயனில்லை.

பலகையைப் படிப்பது

மின்பலகையில் "பார்தென்ஸே" என்றிருந்தால் புறப்பாடு, "அர்ரீவி" என்றால் வருகை. "பினாரியோ" என்பது தண்டவாள எண். "ரித்தார்தோ" பத்தியில் 15 என்றிருந்தால் 15 நிமிடம் தாமதம். "சொப்ரெஸ்ஸோ" அல்லது "கான்செல்லாத்தோ" என்றால் ரயில் ரத்து.

பலகையில் உங்கள் ஊர் பெயரைத் தேடாதீர்கள். அங்கே பெரிதாக இருப்பது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். கசெர்த்தாவில் இறங்கவேண்டியவருக்கு அந்த ரயில் வேறு ஊர் பெயரோடுதான் நிற்கும். கையில் ரயில் எண் இருந்தால் அதைப் பார்ப்பதே நல்லது.

ஸ்டேஷன் சுவர்களில் அச்சிட்ட கால அட்டவணையும் ஒட்டியிருக்கும். மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. ரயிலின் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் அது வேலை நாட்களில் மட்டும் ஓடும்; சனிக்கிழமையும் அதில் சேரும். சிலுவை இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாட்களும். சின்ன ஊர் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை மாலை மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சுத்தியலைக் கவனிக்காதவர்கள்.

பிளாட்பார எண் அதிவேக ரயில்களுக்குப் பெரும்பாலும் புறப்பட சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் வரும். பலகைக்கு அருகில் நிற்பதே உத்தமம்.

டிக்கெட்: இங்கேதான் நிதானம் தேவை

கம்பானியாவில் இரண்டு வகை டிக்கெட் உண்டு. ஒன்று "அஸியெந்தாலே", அதாவது ஒரு நிறுவனத்தின் வண்டியில் மட்டும் செல்லும். இன்னொன்று "இன்தெக்ராத்தோ", பல நிறுவனங்களுக்கும் பொதுவானது. டிக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பார்க்க ஒரே மாதிரி துண்டுச்சீட்டு, விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் ஏஎன்எம் அஸியெந்தாலே டிக்கெட்டோடு மெட்ரோ 1-இல் வந்து, முசேயோ ஸ்டேஷனில் இறங்கி, சுரங்க நடைபாதை வழியாகக் கவூர் ஸ்டேஷனுக்குப் போய் மெட்ரோ 2-இல் ஏறினால் உங்களிடம் டிக்கெட் இல்லை என்றே பொருள். இரண்டும் மெட்ரோ, இரண்டும் நகருக்குள், நடைபாதையும் இணைந்திருக்கிறது. பரிசோதகருக்கு அதெல்லாம் ஒரு சாக்கு இல்லை.

ஆகவே ஒரே நிறுவனத்தின் வண்டியில் போய் வருவதானால் அஸியெந்தாலே போதும். மாறி ஏறுவீர்கள் என்றால் கேட்கும்போதே "இன்தெக்ராத்தோ" என்று சொல்லி வாங்குங்கள். ஒரே நாளில் நாலைந்து தடவை ஏறி இறங்குவீர்கள் என்றால் நாள் டிக்கெட், "ஜொர்னலியேரோ". நகருக்கு வெளியே போகும்போது டிக் டிக்கெட் தூரத்துக்கேற்ப விலை ஏறும். போகிற ஊரைச் சொன்னால் கவுன்ட்டரில் சரியானதைத் தருவார்கள்.

எங்கே வாங்குவது? மெட்ரோ ஸ்டேஷன் இயந்திரம் எப்போதும் வேலை செய்யும் என்று நம்பி இருக்கவேண்டாம். தெருவில் "டி" எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி கடை, அதாவது சிகரெட் கடை, இல்லாவிட்டால் பத்திரிகைக் கடை, இரண்டிலும் கிடைக்கும். ஞாயிறு பிற்பகலில் இவை மூடிவிடும். ஏஎன்எம் மெட்ரோவிலும் இழுவை ரயிலிலும் காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டையையே கதவில் தட்டி உள்ளே போகலாம். வெளியூர்க்காரர்களுக்கு இதுதான் தலைவலி இல்லாத வழி.

அடுத்து முத்திரை. இத்தாலியில் காகித ரெஜியோனாலே டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகித் தேதி, நேரம் அச்சடிக்கவேண்டும். அச்சடித்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் பயணத்தை முடிக்கவேண்டும். மொபைலில் வாங்கியிருந்தால் அச்சடிப்பதற்குப் பதில் செக்-இன். ரயில் ஏறும் முன் செயலியிலோ மின்னஞ்சலில் வந்த இணைப்பிலோ அழுத்தவேண்டும். ரயில் நகர்ந்தபிறகு பரிசோதகர் வருவதைப் பார்த்து அழுத்துவது உதவாது. ஃப்ரெச்சாரோஸா, இதாலோ, இன்டர்சிட்டி ஆகியவற்றில் இருக்கை எண்ணோடு டிக்கெட் வருவதால் இதெல்லாம் வேண்டியதில்லை.

சிர்க்கும்வெசுவியானா: பொம்பெய், எர்க்கொலானோ, சொர்ரெந்தோ

நேப்பிள்ஸ் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏறப்போகிற ரயில் இது. 950 மில்லிமீட்டர் குறுகிய பாதையில் வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றி ஓடுகிறது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஏறினால் நல்ல ரயில். பல பெட்டிகள் பழையவை, வெயில் காலத்தில் வேகும், பெட்டி வைக்கத் தனி இடம் இல்லை, உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இது சுற்றுலா ரயில் அல்ல என்பதை நினைவில் வைத்தால் கோபம் வராது. கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கான புறநகர் ரயில், நடுவில் நாம் நுழைகிறோம், அவ்வளவுதான்.

உட்கார ஒரு வழி உண்டு. ரயில் கிளம்பும் இடம் கரிபால்டி இல்லை, அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கும் போர்தா நொலானா. சென்ட்ராலேயிலிருந்து பத்து நிமிட நடை. கரிபால்டியில் முண்டியடிக்கும் கூட்டம் ஏறும்போது நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மீன் சந்தை. காலையில் போனால் நீர் தெளித்த தரையில் பெட்டி இழுத்துக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும் என்பது மட்டும் ஒரு சிரமம். சொர்ரெந்தோ பக்கம் போகும்போது கடல் வலது கையில், எரிமலை இடது கையில்.

இப்போது பாதைகளைப் பார்ப்போம். எல்லா சிர்க்கும்வெசுவியானா ரயிலும் பொம்பெய் போகாது. பையானோ, சார்னோ, பொஜ்ஜொமரீனோ, சொர்ரெந்தோ என்று பலகையில் வேறு வேறு முடிவிடங்கள் வரும். உங்களுக்கு வேண்டியது "சொர்ரெந்தோ". சுமார் அரை மணிக்கு ஒன்று. கரிபால்டியில் பெரும்பாலும் 3-வது பிளாட்பாரம். இருந்தாலும் பலகையை நம்புங்கள், என்னை வேண்டாம். ரயில் வகையும் எழுதியிருக்கும்: "திரெத்திஸ்ஸிமோ" சில இடங்களில் மட்டும் நிற்கும், "திரெத்தோ" அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடங்களில், எல்லா இடத்திலும் நிற்கிறதற்கு "அச்செலராத்தோ" என்று பெயர். துரிதம் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்டு இருப்பதிலேயே மெதுவாகப் போவது அதுதான்.

பொம்பெய்க்கு மூன்று ஸ்டேஷன்கள் உண்டு, மூன்றும் வேறு வேறு பாதையில். பழைய நகரின் பிரதான வாசலான போர்தா மரீனாவுக்குப் பக்கத்தில் இருப்பது "பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி". இது சொர்ரெந்தோ பாதையில், நேப்பிள்ஸிலிருந்து 35–40 நிமிடம். "பொம்பெய் சாந்துவாரியோ" என்பது தொர்ரே அன்னுன்சியாத்தாவில் பிரியும் பொஜ்ஜொமரீனோ பாதையில் இருக்கிறது. வெறும் "பொம்பெய்" என்ற மூன்றாவது, சலெர்னோ போகும் ட்ரெனிதாலியா பாதையில். பின்னிரண்டும் இன்றைய ஊருக்குள் இருக்கின்றன, தேவாலயத்தின் பக்கம். தவறிப்போய் அங்கே இறங்கினாலும் குடிமுழுகிவிடாது: பழைய நகரின் கிழக்கு வாசல், ஆம்ஃபிதியேட்டர் பக்கம், நடக்கும் தூரம்தான். உண்மையில் கோடையில் போர்தா மரீனாவில் வரிசை நீண்டு நிற்கும்போது, ட்ரெனிதாலியா ரெஜியோனாலேயில் வந்து கிழக்கு வாசலில் நுழைவது புத்திசாலித்தனம். ரயிலிலும் கொஞ்சம் காற்றாட நிற்கலாம்.

பொம்பெயைப் போலவே எரிமலையில் புதைந்த எர்க்கொலானோவுக்கும் இதே எச்சரிக்கை. சிர்க்கும்வெசுவியானாவின் "எர்க்கொலானோ ஸ்காவி"யில் இறங்கினால் எதிரே இறங்கும் தெருவில் நேராகக் கடலைப் பார்த்து நடந்தால் போதும், பத்து நிமிடத்தில் பழைய நகரின் வாசல். ட்ரெனிதாலியாவின் "போர்திச்சி-எர்க்கொலானோ" கடலோரத்தில், வேறு இடத்தில் இருக்கிறது. பொம்பெய், எர்க்கொலானோ இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு எர்க்கொலானோவுக்கு. சின்னது, நிழல் உண்டு, மாடிகளும் எரிந்து கரியான மரச்சட்டங்களும்கூட அப்படியே நிற்கின்றன.

சொர்ரெந்தோ வரை முழுத்தூரம் போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். காஸ்தெல்லம்மாரே தாண்டியதும் ஒற்றைத் தடம். எதிரே வரும் ரயிலுக்காகக் காத்து நின்றே போகவேண்டும் என்பதால் ஒரு ரயில் பிந்தினால் வரிசையாக எல்லாம் பிந்தும். விமானம் பிடிக்கவேண்டிய நாளில் சொர்ரெந்தோவிலிருந்து இந்த ரயிலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். விமான நிலையத்துக்கே நேரடிப் பேருந்து உண்டு. நல்ல பருவத்தில் "கம்பானியா எக்ஸ்பிரஸ்" என்று முன்பதிவு இருக்கையோடு ஏசி ரயில் ஓடுகிறது, குறைந்த நிறுத்தங்கள், கூடுதல் விலை. குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் அந்தக் கூடுதல் பணத்துக்குத் தயங்கவேண்டாம். கடல் வழியும் உண்டு. பெவெரெல்லோ துறையிலிருந்து விரைவுப் படகு.

திரும்பும்போது ஒரு சின்ன விஷயம். ரயில் போர்தா நொலானாவில் முடியும் என்பதால் கரிபால்டியில் எல்லோரும் இறங்கமாட்டார்கள். சென்ட்ராலே போகவேண்டியவர்கள் கரிபால்டியிலேயே இறங்கிவிடுங்கள்.

நகருக்குள்

மெட்ரோ 1-வது தடத்தைச் செலவு இல்லாத அருங்காட்சியகம் என்று சொல்லலாம். 1993-இல் மேட்டுப் பகுதியான வோமெரோவில் தொடங்கி, ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கீழே இறங்கி வந்தது. 2025-இல் சென்ட்ரோ திரெத்ஸியோனாலே என்ற அலுவலகப் பகுதி வரை வந்திருக்கிறது. கபோதிகினோ விமான நிலையம் வரை கொண்டுபோகும் வேலை நடக்கிறது. ஏன் இத்தனை ஆண்டுகள் என்றால், தோண்டுகிற இடத்திலெல்லாம் ஏதாவது கிடைக்கிறது. முனிச்சீப்பியோவில் தோண்டியபோது ரோமானியத் துறைமுகமும் கப்பல்களும் வந்தன. துவோமோவில் கோயில் ஒன்று வந்தது. அந்த ஸ்டேஷன் 2021 வரை இழுத்தது.

தொலேதோ ஸ்டேஷனில் வேலை இல்லாவிட்டாலும் ஒரு தடவை இறங்குங்கள். 2012-இல் திறந்தது, சுமார் 50 மீட்டர் ஆழம். நகரும் படியில் இறங்க இறங்க சுவர் நிறம் மாறும்: மேலே தார் ரோட்டின் கருப்பு, அப்புறம் நேப்பிள்ஸ் மண்ணின் மஞ்சள், கடல்மட்டத்துக்குக் கீழே போனதும் நீல மொசைக். தலையை நிமிர்த்தினால் அந்த நீலத்தில் ஒரு துளை தெருவரை நீண்டு மேலே வெளிச்சம் தெரியும். ஸ்பெயின்காரர் ஓஸ்கார் துஸ்கெத்ஸ் வடிவமைத்தது. தாந்தே ஸ்டேஷனில் இரும்புத் தண்டவாளத் துண்டுகளுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் ஜோடி ஜோடியான செருப்புகளைப் பார்த்து விபத்து என்று நினைக்கவேண்டாம், கூனெல்லிஸ் என்ற கலைஞரின் படைப்பு.

பயன்பாட்டுக்கு வருவோம். நேப்பிள்ஸின் பழைய பகுதிக்கு துவோமோ அல்லது தாந்தே. தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு முசேயோ. துறைமுகத்துக்கு முனிச்சீப்பியோ. வோமெரோவுக்கு வன்வித்தெல்லி. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில், சில நேரம் அதற்கும் மேல் காக்கவைக்கும். 2-வது தடத்தில் கவூர், மொந்தெசாந்தோ, அமெதேயோ, மெர்ஜெல்லீனா ஆகியவை பயன்படும். நீளமான ரயில், கரிபால்டியிலிருந்து கடற்கரைப் பக்கம் போக 1-வது தடத்தைவிட இதுவே நேரடி வழி. கவூர் பக்கத்துத் தெருக்களில் இலங்கையர் கடைகள் நிறைய. சோறும் கறியும் தேடுகிறவர்கள் அங்கே இறங்கலாம். 2024-இல் முனிச்சீப்பியோ வரை நீண்ட 6-வது தடம் குட்டியானது, ஓடும் நேரமும் குறைவு. அதை நம்பி எந்தத் திட்டமும் போடவேண்டாம்.

வோமெரோ மேட்டுக்கு மெட்ரோ வளைந்து வளைந்து நேரமெடுத்துப் போகும். இழுவை ரயில்கள் நேராக ஏறிவிடும். பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகைதான். மொத்தம் நான்கு: கியாயா (1889), மொந்தெசாந்தோ (1891), சென்ட்ராலே (1928), மெர்ஜெல்லீனா (1931). சாதாரண ஏஎன்எம் டிக்கெட்டே போதும். சாந்த் எல்மோ கோட்டைக்கும் சான் மார்த்தினோ மடத்துக்கும் மொந்தெசாந்தோ இழுவை ரயிலில் ஏறி மொர்கென் என்ற மேல் ஸ்டேஷனில் இறங்கினால் நடை குறைவு. சென்ட்ராலே இழுவை ரயிலுக்கும் நாப்போலி சென்ட்ராலே ஸ்டேஷனுக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. அது தொலேதோ தெருவின் கீழ்முனையில், அகுஸ்தேயோவில் இருக்கிறது. பராமரிப்புக்காக இவற்றில் ஏதாவது ஒன்று மூடியிருப்பது சகஜம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கே: குமானாவும் பொஸ்ஸுவோலியும்

மொந்தெசாந்தோவில் மெட்ரோ 2, இழுவை ரயில், ஈஏவியின் குமானா, சிர்க்கும்ஃப்லெக்ரேயா எல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன. குமானாவும் சிர்க்கும்ஃப்லெக்ரேயாவும் இரண்டு வேறு வழியாகப் போய் தொர்ரெகவெத்தா என்ற ஒரே ஊரில் முடிகின்றன. பயணிக்கு வேண்டியது பெரும்பாலும் கடலோரம் போகும் குமானா.

துறைமுக ஊரான பொஸ்ஸுவோலிக்குப் போகும்போது எங்கே இறங்கவேண்டும் என்பதைப் பொறுத்து ரயிலைத் தேர்ந்தெடுங்கள். துறைமுகத்துக்கும் கடலோர உணவகங்களுக்கும் குமானாவின் பொஸ்ஸுவோலி. ரோமானிய ஆம்ஃபிதியேட்டருக்கு மெட்ரோ 2-இன் பொஸ்ஸுவோலி சொல்ஃபத்தாரா, அது மேட்டில் இருக்கிறது. புகை கக்கும் சொல்ஃபத்தாரா பள்ளம் 2017-இல் நடந்த விபத்துக்குப் பிறகு மூடப்பட்டது; ஸ்டேஷன் பெயரை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

இந்தப் பகுதி முழுவதும் காம்பி ஃப்லெக்ரேய் என்ற உயிருள்ள எரிமலைப் பள்ளத்தின் மேல் இருக்கிறது. நிலம் மெல்ல உயர்வதும் தாழ்வதுமாக இருக்கும். சற்றுப் பெரிய அதிர்வு வந்தால் தண்டவாளத்தைச் சோதிக்கும்வரை ரயில்களை நிறுத்திவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் பதறாமல் போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு பஸ் தேடிப் போவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ட்ரெனிதாலியாவில் ஒரு நாள் பயணங்கள்

கசெர்த்தா சுலபம். சென்ட்ராலேயிலிருந்து ரெஜியோனாலேயில் சுமார் 40 நிமிடம், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே அரண்மனை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கடலோர ஊரான அமால்ஃபிக்கு எல்லோரும் சொர்ரெந்தோ போய் மலைப்பாதை பஸ்ஸில் நெருக்கியடித்துப் போவார்கள். அதைவிட, ட்ரெனிதாலியாவிலோ இதாலோவிலோ சலெர்னோ போய், ஸ்டேஷனிலிருந்து சில நிமிடம் நடந்து கொன்கோர்தியா துறையில் அமால்ஃபி படகு ஏறுவது எவ்வளவோ மேல். ஏப்ரல் முதல் அக்டோபர் வாக்கில் படகு ஓடும். கடல் கொந்தளித்தால் ஓடாது.

ரயில் பிரியர்களுக்கு பியெத்ராற்சா. இத்தாலியின் முதல் ரயில் 1839 அக்டோபர் 3 அன்று நேப்பிள்ஸிலிருந்து போர்திச்சிக்கு ஓடியது, ஏழரை கிலோமீட்டர்கூட இல்லாத பாதை. மன்னர் இரண்டாம் ஃபெர்தினாந்தோ கட்டிய பழைய எஞ்சின் பட்டறையே இப்போது தேசிய ரயில் அருங்காட்சியகம். அதே கடலோரப் பாதையில் நிற்கும் ரெஜியோனாலேயில் பியெத்ராற்சா-சான் ஜோர்ஜோ ஆ க்ரெமானோவில் இறங்கினால் அருங்காட்சியகம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. பிளாட்பாரத்திலிருந்தே வளைகுடா தெரியும். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை.

விமான நிலையம், துறைமுகம், ஸ்டிரைக், இரவு

விமான நிலையத்துக்கு இப்போதைக்கு அலிபஸ் என்ற பேருந்துதான். சென்ட்ராலே, துறைமுகம் ஆகிய இடங்களில் நிற்கும், டிக்கெட் சுமார் 5 யூரோ. தூரம் குறைவு, ஆனால் போக்குவரத்து நெரிசலை நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் நெடுந்தூரப் பேருந்துகள் சென்ட்ராலேக்குப் பக்கத்தில் உள்ள மெட்ரோபார்க்கில் நிற்கும். காப்ரி, இஸ்கியா, ப்ரோச்சிதா தீவுகளுக்குப் போகும் விரைவுப் படகுகள் பெவெரெல்லோவில். கார் ஏற்றும் மெதுவான பெரிய படகுகள் கலாத்தா போர்தா தி மாஸ்ஸாவில். இரண்டும் ஒன்றல்ல, நடுவில் பெட்டியோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடை. டிக்கெட்டில் துறை பெயரைப் பாருங்கள்.

"ஷோப்பெரோ" என்ற சொல்லை ஸ்டேஷன் கதவில் கண்டால் ஸ்டிரைக். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அடிக்கடி வெள்ளிக்கிழமையாக இருக்கும். யாருடைய ஸ்டிரைக் என்று பார்க்கவேண்டும். ஏஎன்எம் ஆட்கள் நிறுத்தினாலும் ட்ரெனிதாலியா ஓடும், அப்போது மெட்ரோ 1 இல்லாவிட்டாலும் மெட்ரோ 2 இருக்கும். வேலை நாட்களில் ட்ரெனிதாலியா ரெஜியோனாலேக்குக் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச சேவை உறுதி. ஈஏவிக்கும் ஏஎன்எம்முக்கும் தனித்தனி நேரம் உண்டு, அவரவர் தளத்தில் போட்டிருப்பார்கள்.

இரவு மெட்ரோ 1 வழக்கமான நாளில் 11 மணி வாக்கில் முடிந்துவிடும், சில நாட்களில் அதற்கு முன்பே. சிர்க்கும்வெசுவியானாவின் கடைசி ரயிலை நம்பி சொர்ரெந்தோவில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவேண்டாம். அது ரத்தானால் அடுத்தது மறுநாள் காலைதான். கடைசிக்கு முந்தின ரயிலையே உங்கள் கடைசி ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள்.